டொமைனில் லாகின் ஆகவில்லை: கழற்றிச் சேர்ப்பதா, இருந்த இடத்திலேயே சரிசெய்வதா?

ஒரு சிஸ்டம் டொமைனில் (ஆபீஸின் கணினிகளையும் யூசர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) லாகின் ஆகவில்லை என்று தகவல் வந்தால், பெரும்பாலான ஆபீஸ் ஐடி ஆட்களின் கை தானாகப் போகும் இடம் ஒன்றுதான். டொமைனிலிருந்து கழற்று, ஒர்க்குரூப்பில் (டொமைனில் சேராத தனி நிலை) போடு, ரீஸ்டார்ட், மறுபடி டொமைனில் சேர், இன்னொரு ரீஸ்டார்ட். பல நேரம் இது வேலையும் செய்துவிடுகிறது, அதனால்தான் இந்தப் பழக்கம் யாரையும் விட்டுப் போவதில்லை. என் கணக்கில் இது முதலில் எடுக்க வேண்டிய வழி அல்ல, இரண்டாவதும் அல்ல. இதைவிடச் சின்ன வேலையில் முடிகிற வழிகள் இருக்கின்றன. சில சூழ்நிலைகளில் கழற்றுவதே இருக்கிற சிக்கலைப் பெரிதாக்கிவிடும்.

கையில் இருப்பவை மொத்தம் ஐந்து வழிகள்: சிஸ்டத்திலிருந்து டொமைன் கன்ட்ரோலர் (லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) வரை உள்ள பாதையைச் சரிபார்ப்பது, டொமைனை விட்டு வெளியே வராமல் டிரஸ்டை (சிஸ்டத்துக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு) மட்டும் ரிப்பேர் செய்வது, கழற்றிச் சேர்ப்பது, பழைய கேஷ் லாகினை (சிஸ்டத்திலேயே சேமித்து வைத்த முந்தைய லாகின் அடையாளம்) வைத்து இன்றைய வேலையை ஓட்டுவது, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போடுவது. எதை எடுப்பது என்பது உங்கள் வசதியைப் பொறுத்தது இல்லை, கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

ஒரே நேரத்தில் பல சிஸ்டங்களில் லாகின் போகவில்லையா? அப்படியானால் எந்த சிஸ்டத்தையும் தொடாதீர்கள், பிரச்சினை சர்வர் பக்கம் இருக்கிறது. டொமைன் கன்ட்ரோலரில் நெட்லாகான் சர்வீஸும் (லாகின் கோரிக்கைகளைக் கவனிப்பது) டிஎன்எஸ் சர்வீஸும் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) ஓடுகின்றனவா, சிஸ்வால், நெட்லாகான் என்ற இரண்டு ஷேர்களும் (பாலிசிகளும் ஸ்கிரிப்டுகளும் இருக்கும் பகிர்வு ஃபோல்டர்கள்) தெரிகின்றனவா, ஃபயர்வால் ஏதோ காரணத்தால் பப்ளிக் புரொஃபைலுக்கு மாறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிசிடயக் (டொமைன் கன்ட்ரோலரைச் சோதிக்கும் கருவி) ஓட்டுங்கள். சிஸ்வால் ஷேர் ஆகவில்லை என்றால் அந்த சர்வர் தன்னை டொமைன் கன்ட்ரோலராக அறிவித்துக்கொள்ளவே செய்யாது, பிங் (சர்வர் பதில் தருகிறதா என்ற எளிய சோதனை) மட்டும் நன்றாகப் போகும், எல்லோரும் குழம்புவார்கள். பழைய பேக்கப்பிலிருந்து தவறான முறையில் மீட்கப்பட்ட சர்வராக இருந்தால் யுஎஸ்என் ரோல்பேக் (டேட்டாபேஸின் மாற்ற எண்கள் பின்னோக்கிப் போன நிலை) என்று கண்டுபிடித்து நெட்லாகான் சர்வீஸை விண்டோஸே நிறுத்தி வைத்திருக்கும். அந்த நிலையில் இருபது சிஸ்டங்களைக் கழற்றிச் சேர்க்க ஆரம்பித்தால், கழற்றுவது மட்டும்தான் நடக்கும். சேர்க்க முடியாது.

ஒரே ஆளுக்கு மட்டும் எந்த சிஸ்டத்திலும் போகவில்லை என்றால் அது அவருடைய யூசர் அக்கவுண்ட் விஷயம்: லாக் ஆகியிருக்கும், பாஸ்வேர்ட் காலாவதியாகியிருக்கும், லாகின் நேரக் கட்டுப்பாடு இருக்கும், இல்லையென்றால் எந்தெந்த சிஸ்டத்தில் நுழையலாம் என்ற பட்டியலில் இந்தப் பெயர் இருக்காது. ஏடியில் (ஆக்டிவ் டைரக்டரி, டொமைனின் அக்கவுண்டுகள் இருக்கும் இடம்) ஒரு நிமிட வேலை. அதை விடுங்கள்.

மிச்சம் இருப்பது ஒரே சிஸ்டம், யார் முயன்றாலும் போகவில்லை என்ற நிலை. இங்கேதான் திரையில் வரும் செய்தியை ஒழுங்காகப் படிக்க வேண்டும், "எர்ரர் வருது" என்று கேட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. லாகான் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்றோ, உங்கள் டொமைன் இப்போது கிடைக்கவில்லை என்றோ வந்தால் கோளாறு பாதையில். டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்டு என்று வந்தால் சிஸ்டத்துக்கும் டொமைனுக்கும் இடையிலான பாஸ்வேர்ட் ஒத்துப்போகவில்லை. சர்வரின் செக்யூரிட்டி டேட்டாபேஸில் இந்தக் கணினிக்கான அக்கவுண்டே இல்லை என்று வந்தால், யாரோ ஏடியில் அதை அழித்திருக்கலாம், அல்லது அதே பெயரில் வேறொன்று நுழைந்திருக்கலாம். ஈவன்ட் வியூவரில் நெட்லாகான் 5719 இருந்தால் டொமைன் கன்ட்ரோலரைத் தொட முடியாத நிலை, 3210 இருந்தால் அங்கே போய்ச் சேர்ந்தும் அடையாளம் ஏற்கப்படவில்லை என்று பொருள். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

பாதையைச் சரிபார்ப்பது

இதைத் தனி வழியாக எண்ணாமல் ஒரு சடங்காக நினைத்து எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். பிங் போட்டுப் பார்த்துவிட்டு "நெட்வொர்க் ஓகே" என்று சொல்லிவிடுவது வழக்கம். பிங் போவதற்கும் டொமைன் லாகின் நடப்பதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. சிஸ்டம் தன் டொமைன் கன்ட்ரோலரை டிஎன்எஸ் வழியாகத்தான் தேடுகிறது, அதுவும் எஸ்ஆர்வி ரெக்கார்டுகளைக் (எந்தச் சேவை எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவுகள்) கேட்டு. அந்த ரெக்கார்டுகள் ஆபீஸின் உள் டிஎன்எஸ்ஸில் மட்டும் இருக்கும். சிஸ்டத்தில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) அல்லது ரௌட்டரின் முகவரி இருந்தால் இன்டர்நெட் பறக்கும், டொமைன் மட்டும் கண்ணில் படாது.

இதில் மோசமான ரகம் ஒன்று உண்டு. முதல் டிஎன்எஸ் உள் சர்வர், இரண்டாவது "எதற்கும் இருக்கட்டும்" என்று போட்ட பொது டிஎன்எஸ். முதலாவது "இல்லை" என்று சொன்னால் விண்டோஸ் இரண்டாவதைக் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலாவது நேரத்துக்குப் பதில் தராவிட்டால்தான் இரண்டாவதுக்குப் போகும், போனபின் அங்கிருந்து வரும் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதிலை அப்படியே நம்பிவிடும், கொஞ்ச நேரம் அங்கேயே ஒட்டிக்கொண்டும் இருக்கும். அதனால்தான் காலையில் போகாத லாகின் மதியம் போகிறது, யாரும் எதுவும் செய்யாமலே "சரியாகிவிட்டது". இரண்டாவது இடத்தில் இன்னொரு டொமைன் கன்ட்ரோலரைப் போடுங்கள், அது இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

சோதிக்க ஐபிகான்ஃபிக் ஆல் போட்டு டிஎன்எஸ் வரியைப் பாருங்கள், அப்புறம் என்எல்டெஸ்ட் கட்டளையின் டிஎஸ்கெட்டிசி ஸ்விட்சில் டொமைன் பெயரைக் கொடுங்கள். டொமைன் கன்ட்ரோலரின் பெயர் பதிலாக வந்தால் பாதை பெரும்பாலும் திறந்திருக்கிறது. வராவிட்டால் டிஎன்எஸ், அதுவும் சரி என்றால் போர்ட்டுகள்: 53, 88, 135, 389, 445, 464, கூடவே ஆர்பிசிக்கான (சர்வரின் சேவைகளைத் தொலைவிலிருந்து அழைக்கும் முறை) 49152 முதல் 65535 வரை. கிளை ஆபீஸுக்கும் தலைமை ஆபீஸுக்கும் நடுவில் ஃபயர்வால் இருந்தால் கடைசியாகச் சொன்ன அந்த நீளமான வரிசையைத்தான் மறந்திருப்பார்கள்.

நேரம் அடுத்தது. கெர்பரோஸ் (டொமைனின் லாகின் சரிபார்ப்பு முறை) தரும் சலுகை 5 நிமிடம்தான், சிஸ்டத்துக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிக்கெட் (அது தரும் நுழைவு அனுமதி) மறுக்கப்படும். கடிகாரம் சரியாகத்தானே காட்டுகிறது என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் கெர்பரோஸ் பார்ப்பது யுடிசி (உலகப் பொது) நேரத்தை. டைம்ஸோன் தவறாக இருந்து, யாரோ ஒருவர் கண்ணுக்குத் தெரியும் மணியை மட்டும் கையால் திருத்தி வைத்திருந்தால், திரையில் சரியான நேரம் தெரியும், உள்ளே யுடிசி பல மணி நேரம் தள்ளி நிற்கும். மெய்நிகர் சிஸ்டங்களில் ஹோஸ்ட் ஒரு நேரத்தைத் திணிக்கும், டொமைன் ஒரு நேரத்தைச் சொல்லும், இரண்டும் இழுபறி. டபிள்யூ32டிஎம் கட்டளையில் சோர்ஸ் எது என்று கேட்டால் சிஸ்டம் யாரிடமிருந்து நேரம் வாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

லேப்டாப்புகளில் இன்னொன்று: வைஃபை பல இடங்களில் யூசர் உள்ளே போனபிறகுதான் இணைகிறது. ஏற்கெனவே அந்த லேப்டாப்பில் நுழைந்தவருக்குக் கேஷ் இருப்பதால் ஒன்றும் தெரியாது, புதிதாக வந்தவருக்கு மட்டும் லாகான் சர்வர் இல்லை என்று வரும். கேபிளைச் செருகி ஒருமுறை நுழைய வைத்தால் முடிந்தது. இதற்குப் போய் டொமைனைக் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

இந்த வழியின் நல்ல பக்கம், எதையும் உடைக்காது. ஒரே குறை, டிரஸ்ட் உண்மையிலேயே முறிந்திருந்தால் எவ்வளவு பார்த்தாலும் பலன் இருக்காது.

இருந்த இடத்திலேயே ரிப்பேர்

டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஏடியில் ஓர் அக்கவுண்ட், அதற்கு ஒரு பாஸ்வேர்ட் உண்டு. யூசர்களைப் போலவே சிஸ்டமும் லாகின் செய்கிறது, நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அந்த பாஸ்வேர்டை இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை சிஸ்டமே மாற்றிக்கொள்ளும். மாற்றச் சொல்வது சிஸ்டம், டொமைன் அல்ல. ஆகவே ஆறு மாதம் அணைத்து வைத்த கம்ப்யூட்டர் "காலாவதியாகி" டிரஸ்டை இழந்துவிட்டது என்று சொல்வது வெறும் கதை. அது எழுந்தபிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளும். அப்படி அணைந்து கிடந்த சிஸ்டம் உண்மையிலேயே நுழையவில்லை என்றால், பயன்படாத அக்கவுண்டுகளை முடக்கும் கிளீனப் ஸ்கிரிப்ட் எதுவாவது ஓடியதா என்று முதலில் விசாரியுங்கள்.

உண்மையில் முறிவது எப்போது? பழைய ஸ்னாப்ஷாட்டுக்கோ பழைய இமேஜுக்கோ (சிஸ்டத்தின் சேமித்து வைத்த நகல்) திரும்பியபோது, இடையில் பாஸ்வேர்ட் மாறியிருந்தால். அல்லது அதே பெயரில் இன்னொரு சிஸ்டத்தை யாராவது டொமைனில் சேர்த்தபோது. புதியது அக்கவுண்டைத் தனதாக்கிக்கொள்ளும், பழையது வெளியே நிற்கும்.

இப்படி ஒத்துப்போகாத பாஸ்வேர்டைச் சரிசெய்ய டொமைனை விட்டு வெளியே வரத் தேவையே இல்லை. லோக்கல் அட்மினாக நுழைந்து, பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் என்ற கட்டளையைப் போடுங்கள். ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று பதில் வரும். ஃபால்ஸ் வந்தால் அதே கட்டளையோடு ரிப்பேர் ஸ்விட்சையும், கிரெடென்ஷியல் ஸ்விட்சில் அந்தக் கணினி அக்கவுண்டின் பாஸ்வேர்டை மாற்ற உரிமை உள்ள டொமைன் யூசரையும் கொடுங்கள். பெரும்பாலும் ரீஸ்டார்ட் கூட வேண்டாம், லாக்ஆஃப் செய்து டொமைன் யூசராக நுழையலாம். இது விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு பவர்ஷெல்லில்தான் இருக்கிறது. பவர்ஷெல் 7-ஐத் திறந்துவிட்டு கட்டளையையே காணோம் என்று தேட வேண்டாம். இதற்கு மாற்றாக நெட்டாம் கருவியில் ரீசெட்பிடபிள்யூடி இருக்கிறது, எந்த டொமைன் கன்ட்ரோலரிடம் பேச வேண்டும் என்பதை நாமே சொல்லலாம் என்பது அதன் வசதி.

கழற்றிச் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் இதன் லாபம் வெளிப்படை. ஏடியில் அக்கவுண்ட் அப்படியே இருக்கிறது, அதன் குரூப்புகள் அப்படியே, இருக்கும் ஓயுவும் (ஏடிக்குள் ஃபோல்டர் போன்ற பிரிவு) அப்படியே. சிஸ்டம் ஒரு நொடி கூட டொமைனுக்கு வெளியே நிற்பதில்லை, எனவே நடுவழியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை. தூரத்தில் இருக்கும் சிஸ்டத்திலும் செய்யலாம்.

செய்ய முடியாத இடங்களும் உண்டு. ஏடியில் அக்கவுண்டே அழிந்துபோயிருந்தால் ரிப்பேர் செய்ய எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லை. ஏடி ரீசைக்கிள் பின் போட்டு வைத்திருந்தால் அங்கிருந்து மீட்டுவிட்டு ரிப்பேர் செய்யலாம், இல்லையென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு சிஸ்டம் என்றால் ஒன்றை ரிப்பேர் செய்ததும் மற்றது விழும். முதலில் பெயரை மாற்றுங்கள்.

லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் தெரியாது என்றால்? கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு, முன்பு அந்த சிஸ்டத்தில் நுழைந்த, அட்மின் உரிமையுள்ள டொமைன் யூசராக நுழைந்து பாருங்கள். டொமைன் கன்ட்ரோலரைத் தொட முடியாதபோது விண்டோஸ் கேஷில் இருக்கும் பழைய அடையாளத்தை ஏற்கும். உள்ளே போனதும் கேபிளைச் செருகி ரிப்பேர் கட்டளை. பழைய தந்திரம்தான், இன்றும் பலருக்குத் தெரியவில்லை.

கழற்றிச் சேர்ப்பது

இதைத் தவறு என்று சொல்லவில்லை. அக்கவுண்ட் அழிந்திருந்தாலோ, பெயரை மாற்ற வேண்டியிருந்தாலோ, ரிப்பேர் இரண்டு முறை செய்தும் பிடிக்கவில்லை என்றாலோ இதுதான் வழி. யூசரின் டெஸ்க்டாப்பும் ஃபைல்களும் போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. அதே டொமைனில், அதே யூசர் என்றால் அவருடைய எஸ்ஐடி (விண்டோஸ் பயன்படுத்தும் தனி அடையாள எண்) மாறுவதில்லை, பழைய புரொஃபைலே திறக்கும். வேறு டொமைனுக்குப் போனால்தான் புதிய புரொஃபைல்.

மாட்டுவது வேறு இடங்களில். ஒர்க்குரூப்புக்குப் போனபின் லோக்கல் அக்கவுண்ட் ஒன்றில்தான் உள்ளே வர முடியும். அந்த பாஸ்வேர்ட் கையில் இல்லாமல் ரீஸ்டார்ட் செய்தால் கதவைச் சாத்திவிட்டுச் சாவியை உள்ளே வைத்த கதை. கழற்றுவதற்கு முன்பே அந்த அக்கவுண்ட் முடக்கப்படாமல் இருக்கிறதா, பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று ஒருமுறை நுழைந்து பார்ப்பது கட்டாயம். லாப்ஸ் என்ற லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் நிர்வாக வசதி வைத்திருக்கும் ஆபீஸ்களில் (2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது) அந்த பாஸ்வேர்ட் ஏடியில் கணினி அக்கவுண்டிலேயே இருக்கக்கூடும். அவசரப்பட்டு "பழைய அக்கவுண்டை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம்" என்று முதலில் ஏடியில் டிலீட் செய்தால், பாஸ்வேர்டும் கூடவே போகிறது. பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி) ரிகவரி கீ ஏடியில் சேமிக்கப்பட்டிருந்தால் அதுவும் அந்த அக்கவுண்டின் கீழ்தான் இருக்கிறது. இரண்டையும் தனியாக எழுதி எடுக்காமல் கணினி அக்கவுண்டை அழிக்கவே கூடாது. என்னைக் கேட்டால், அழிக்கவே வேண்டாம், இருப்பதையே மறுபயன்பாடு செய்யுங்கள்.

அந்த மறுபயன்பாட்டிலும் 2022 அக்டோபருக்குப் பிறகு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அந்த மாத செக்யூரிட்டி அப்டேட்டிலிருந்து, ஏற்கெனவே ஏடியில் இருக்கும் பெயரில் சேரப்போனால், அந்த அக்கவுண்டை முதலில் உருவாக்கியவர் நீங்களாக இருக்க வேண்டும் அல்லது டொமைன் அட்மின் ஒருவர் உருவாக்கியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 2732 என்ற பிழை எண்ணோடு, செக்யூரிட்டி பாலிசி தடுத்துவிட்டது என்று வரும். இதற்காக டொமைன் கன்ட்ரோலர்களில் நம்பகமானவர்களைக் குறிப்பிடும் குரூப் பாலிசி ஒன்று பின்னால் வந்தது, அதை அமைத்து வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அமைக்காமல் கழற்றிவிட்டால், கழற்றியது நீங்கள், சேர்க்க வேண்டியது வேறு யாரோ என்று ஆகிவிடும்.

சரி, கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒர்க்குரூப் வழியாகப் போகாத குறுக்கு வழி ஒன்றும் உண்டு. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் டொமைன் பெயர் புள்ளியோடு நீளமாக இருந்தால் அதை நெட்பயாஸ் குறும்பெயராக மாற்றுங்கள், குறும்பெயராக இருந்தால் நீளப் பெயராக. விண்டோஸ் இதைப் புதிய சேர்க்கையாக எடுத்துக்கொண்டு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், ஒரே ரீஸ்டார்ட்டில் முடிந்துவிடும். 2732 தடை இதற்கும் பொருந்தும்.

கிளை ஆபீஸ்களில் இன்னொரு சங்கடம்: தலைமை ஆபீஸின் டொமைன் கன்ட்ரோலரில் புதிய அக்கவுண்ட் உருவாகும், கிளையில் இருக்கும் சிஸ்டமோ பக்கத்தில் உள்ள டொமைன் கன்ட்ரோலரைக் கேட்கும். சைட்டுகளுக்கு இடையிலான ரெப்ளிகேஷன் (டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று மாற்றங்களை அனுப்புவது) இயல்பாக 180 நிமிட இடைவெளி. அதுவரை "சேர்ந்துவிட்டது, ஆனால் நுழையவில்லை". ரெப்அட்மின் கருவி கொண்டு உடனே தள்ளிவிடலாம், மறுபடி கழற்ற வேண்டாம்.

கேஷ் லாகின், புதிய விண்டோஸ்

கேஷ் லாகின் என்பது தீர்வல்ல, அவகாசம். சம்பளக் கணக்கு முடிக்க வேண்டிய நாளில் ஒருவரின் சிஸ்டம் படுத்துவிட்டால், கேபிளைக் கழற்றி நுழையச் சொல்லி லோக்கல் ஃபைல்களில் வேலையை முடிக்க விடுவது தப்பே இல்லை. இயல்பாக விண்டோஸ் கடைசியாக நுழைந்த 10 பேரை நினைவில் வைத்திருக்கும், அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. ஷேர்டு டிரைவ் வராது, பிரின்டர் வராது, குரூப் பாலிசி வராது. பாஸ்வேர்டை வேறு சிஸ்டத்தில் மாற்றியிருந்தால் இங்கே பழையதுதான் வேலை செய்யும். இதே காரணத்தால், வேலையை விட்டுப் போனவரின் அக்கவுண்டை ஏடியில் முடக்கினாலும் நெட்வொர்க் இல்லாத லேப்டாப்பில் அவர் நுழைய முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏடியில் கூடுதல் பாதுகாப்புக்கான புரொடெக்டட் யூசர்ஸ் குரூப்பில் இருப்பவர்களுக்குக் கேஷே கிடையாது, எனவே உங்கள் டொமைன் அட்மின் அக்கவுண்ட் அந்தக் குரூப்பில் இருந்தால் முன்பு சொன்ன தந்திரமும் பலிக்காது.

புதிதாக விண்டோஸ் போடுவது டிரஸ்ட் கோளாறுக்கு மிகையான வைத்தியம், ஓர் இடத்தைத் தவிர. ஒரே இமேஜை சிஸ்பிரெப் (சிஸ்டத்தின் தனி அடையாளங்களை நீக்கும் கருவி) செய்யாமல் குளோன் எடுத்துப் பல சிஸ்டங்களில் போட்டிருந்தால் அவை எல்லாவற்றுக்கும் மெஷின் எஸ்ஐடி ஒன்றாகவே இருக்கும். பல வருடமாக இதனால் பெரிய தொந்தரவு வரவில்லை. 2025 ஆகஸ்ட் 29-இலிருந்து வந்த விண்டோஸ் 11 (24எச்2, 25எச்2), சர்வர் 2025 அப்டேட்டுகள் எஸ்ஐடியைக் கூடுதலாகச் சோதிப்பதால், இப்படிப்பட்ட இரட்டைகளுக்கு இடையே கெர்பரோஸும் என்டிஎல்எம்மும் (பழைய லாகின் சரிபார்ப்பு முறை) தோற்கின்றன: சரியான பாஸ்வேர்ட் போட்டும் ஷேர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் போகாது. இதற்கு டிரஸ்ட் ரிப்பேர் உதவாது, கழற்றிச் சேர்ப்பதும் உதவாது, ஏனென்றால் மெஷின் எஸ்ஐடி இரண்டிலும் மாறுவதில்லை. முறையாக சிஸ்பிரெப் செய்த இமேஜிலிருந்து மறுபடி போடுவதுதான் உருப்படியான வழி.

டொமைனே வேண்டாம், என்ட்ராவுக்குப் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் அடையாளச் சேவை) போய்விடலாம் என்று சிலர் இந்த நேரத்தில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆட்கள் பெரும்பாலும் வெளியில் இருக்கும் ஆபீஸுக்கு அது நல்ல யோசனையே, லாகினுக்கு டொமைன் கன்ட்ரோலர் கண்ணில் பட வேண்டியதில்லை. ஆனால் பழைய ஃபைல் சர்வரும் கணக்கு மென்பொருளும் ஏடியை நம்பி இருக்கும்போது, லாகின் ஆகாத ஒரு சிஸ்டத்தைக் காரணம் காட்டி இன்று முடிவெடுக்கிற விஷயம் அல்ல.

ஒரே சிஸ்டம் ரிப்பேர் செய்தபிறகும் மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுகிறதா? ஒவ்வொரு முறை ரிப்பேர் செய்வதில் பொருளில்லை. இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அதே பெயரில் எங்காவது ஒரு மூலையில் இன்னொரு சிஸ்டம் இருக்கிறதா என்பது. டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கான ஐபி அவ்வப்போது மாறினால் சந்தேகம் உறுதி. இன்னொன்று, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் டிஸ்க்கைப் பழைய நிலைக்குத் திருப்பும் ஃப்ரீஸ் மென்பொருள் போட்டிருக்கிறதா என்பது. பயிற்சி அறைகளிலும் பொதுப் பயன்பாட்டு சிஸ்டங்களிலும் இதைப் பார்க்கலாம்: சிஸ்டம் பாஸ்வேர்டை மாற்றும், டொமைனிடம் சொல்லும், ரீஸ்டார்ட்டில் தான் மாற்றியதையே மறந்துவிடும். அந்த சிஸ்டங்களுக்கு மட்டும் தனி ஓயு வைத்து, கணினி பாஸ்வேர்ட் மாற்றத்தை நிறுத்தும் பாலிசியைப் போடுங்கள். மற்ற சிஸ்டங்களுக்கு அதைப் போடாதீர்கள், ஒருமுறை திருடப்பட்ட கணினி பாஸ்வேர்ட் காலமெல்லாம் செல்லுபடியாகிக் கிடக்கும்.